க்ளிக் மேடம்

ஆனானப்பட்ட அந்தக் கேமரா கம்பெனியை, மாடிப் போர்ஷனிலும் கார் ஷெட்டிலும் முளைத்த பொடிக் கம்பெனிகள் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் கேமராக்களுக்குச் சத்தமே கிடையாது. பெரிய கம்பெனிக்கோ சத்தம்தான் பெருமை. பட்டனை அழுத்தினால் வரும் க்ளிக்கை, பஞ்சு பதித்த அறையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் சரிசெய்வதற்கென்றே அங்கே ஒரு பிரிவு இருந்தது. அதன் தலைவியை எல்லாரும் க்ளிக் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"புது மாடல்ல சத்தம் வேணுமா வேண்டாமா, திங்கக்கிழமை நீங்களே சொல்லிடுங்க," என்றிருந்தார் மேனேஜர். வேண்டாம் என்றால் அவள் பிரிவுக்கே பூட்டு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? வேணும் என்று சொல்வதாகத்தான் இருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் அம்மா வீட்டில் புது மாடலைப் பிரித்துப் போட்டு, ஒரு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி அடங்கியது. வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. கட்டிலில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் கிடந்தான், மடியில் அவன் கேமரா. அவனும் ஒரு பொடிக் கம்பெனி முதலாளி, கேட்கவா வேண்டும்! எது விழிப்பு, எது தூக்கம் என்று யாருக்கும் நிச்சயமில்லாத நேரம் அது.

"அக்கா, இங்க பாரு," என்றான்.

நிமிர்ந்தாள், சிரித்தாள், க்ளிக்குக்காகக் காத்திருந்தாள். பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. சத்தம் வரும்வரை மூச்சு விடமாட்டார்கள்.

"மூச்சை விடுக்கா. எடுத்து எவ்வளவு நேரமாச்சு!"

"போடா, திருட்டுக் கேமரா," என்று கடுப்போடு பிடுங்கிப் பார்த்தாள். அந்தப் படத்துக்கு முன்னால் இன்னொன்று இருந்தது. அதில் அவள் குனிந்து ஸ்பிரிங்கைத் தேடுகிறாள். அம்மா, துணியைப் பாதி மடித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடை பழகும் குழந்தை விழுந்துவிடுமோ என்று பார்க்கிற பார்வை.

பட்டன்மேல் விரல் போனாலே போதும், வரப்போகும் சத்தத்துக்குப் பயந்து அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். மாடலுக்கு மாடல் மகள் எடுத்துப் பார்த்த படங்கள் அலமாரி நிறைய இருந்தன. ஒன்றில்கூட அம்மாவின் கண் திறந்ததில்லை. வீட்டில் அது பெரிய கேலி. இந்தப் படத்தில் திறந்திருந்தது. மகள் சட்டென்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில், "சத்தம் வேண்டாம் சார்," என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா சொல்றீங்க? அப்புறம் உங்க செக்‌ஷன்?"

பஞ்சு அறையின் சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

"போனாப் போகட்டும் சார். நான் பாக்காதப்ப எங்கம்மா என்னை எப்படிப் பாப்பாங்கன்னு நேத்துதான் பாத்தேன்."