கோபுரத்தில் நின்றவன்

என் மகள் டாம்சினின் கல்யாண அறிவிப்பை எங்கள் மானன் ஊர்த் தேவாலயத்தில் வழக்கப்படி மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் மாப்பிள்ளை ஜாகோ தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

"பொண்ணுன்னு ஒருத்தி நிஜமாவே இருக்காளா, இல்ல கனவு கண்டியா?" என்று ஊரே அவனை ஓட்டியது. பாவம், காது சிவக்கச் சிரித்து வைத்தான்.

டாம்சின் அந்தக் கோயிலில் காலடி வைத்துப் பதினேழு வருடம் ஆகிறது. ஒன்பது வயதில், கோபுரத்தின் மேல் இறக்கையோடு ஒருவன் நிற்கிறான் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். ஆள் உயரமாம், ஆந்தை முகமாம். அந்த ஞாயிறே, ஆராதனை முடிந்து வந்த அத்தனை பேர் முன்னாலும், "அது வெறும் ஆந்தைதான், நான் பொய் சொன்னேன்" என்று அவளைச் சொல்லவைத்தேன். கோயிலில் மணி அடிக்கிறவன் நான். எனக்கு என் மானம் பெரிதாகப் போய்விட்டது.

இன்று கல்யாணம். ஜாகோவுக்காக, கையில் பூங்கொத்தோடு வந்தாள். வாசல் கேட்டில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். கால் நகரவில்லை.

"முடியலப்பா. நான் வரலன்னு ஜாகோகிட்ட சொல்லிடுங்க."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்கு நானும் அதப் பாத்தேன்மா."

அவள் திரும்பினாள்.

"சைடர் குடிச்சிட்டு உளறுறான்னு சொல்லுவாங்களேன்னு பயம். அதுக்காக உன்னப் பொய்க்காரி ஆக்கிட்டேன்."

பூங்கொத்தாலேயே என் மார்பில் ரெண்டு அடி வைத்தாள். இதழெல்லாம் உதிர்ந்தது. "அடப்பாவி மனுசா! எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு இத்தன வருஷமா நெனச்சுட்டிருந்தேன்!"

இருவரும் சேர்ந்து அழுதோம். பிறகு அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பற்றினாள்.

"இப்பவும் மேல அது நின்னா?"

"ரெண்டு பேருமா பாப்போம்."

உள்ளே நடந்தோம். இந்தப் பெண்ணைக் கையளிப்பவர் யார் என்று பாதிரியார் முறைப்படி கேட்டார். மகள் கையை விடாமல் நான் ஊரைப் பார்த்துத் திரும்பினேன்.

"நான்தான் குடுக்குறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. எம்பொண்ணு அன்னிக்குப் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."