பாதி சொன்ன பயம்

பெல்ட்டில் கோழித் தொடைகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. காசில்டா எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கினாள், சதையை உருவினாள், எலும்பைத் தொட்டியில் எறிந்தாள். விரல் மரத்துப்போகும் குளிரிலும் சர்க்கரை இறங்கி அவள் கழுத்து மட்டும் வியர்த்தது. விடிகாலையில் சர்க்கரை மாத்திரை போட்டவள், இன்னும் வயிற்றுக்கு ஒன்றும் போடவில்லை. மேற்பார்வையாளன் ஓதிலோன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தாளோடு கன்னத்தில் அடக்கியிருந்த புளிமிட்டாயைப் பல்லால் கிழித்தாள். பெல்ட்டில் நிற்கிறவர்கள் வாயை மெல்லக் கூடாது.

"முகமூடிய இழுத்து விடு. கன்னம் புடைச்சுத் தெரியுது," என்றாள் பக்கத்தில் நின்ற நியேவெஸ். அவளுக்கும் அதே நோய், அதே மிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலின் கீழ்த்தளத்துக்கு இருவரையும் எர்மினியா இழுத்துப் போனாள். காசில்டாவின் மகனுக்கு ஞானஸ்நானத் தாய் அவள்தான். அப்படிக் 'கொமாத்ரே' ஆன ஒருத்தி கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. சர்க்கரைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். எர்மினியாவுக்கு க்ளினிக்கில் வேலை. சுடச்சுட சோள மாவுக் கொழுக்கட்டையும் இருந்தது. இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள் என்ற கேள்வி காசில்டாவின் தொண்டையில் நின்றது.

"அந்தக் கேமரா எதுக்கு, கொமாத்ரே?"

"க்ளினிக்குக்கு வர்ற நம்ம ஜனங்களுக்குப் போட்டுக் காட்டத்தான். டாக்டர் சொன்னா யாரு கேக்குறா? உங்கள மாதிரி ஒருத்தி சொன்னா காது குடுப்பாங்க."

"வேற யாரு பாப்பாங்க?"

"உங்க சந்தேகத்த தராசுல வச்சா, நீங்க வெட்டுற கோழிய விட எடை வரும்போல," என்று எர்மினியா சிரித்தாள்.

அவர்கள் ஊர் நம்பிக்கைப்படி, அங்கே எல்லோருக்கும் சர்க்கரை ஏதோவொரு பயத்தில்தான் வந்திருந்தது. ஒருத்தருக்கு எல்லை தாண்டியபோது பாலைவனத்தில், இன்னொருத்திக்குத் தம்பியின் சவப்பெட்டி வந்து இறங்கிய அன்று. காசில்டா அப்பா செத்த கதையைச் சொல்லிவிட்டு நைசாக உட்காரப் பார்த்தாள்.

எர்மினியா விடவில்லை. "இது பாதிதான், கொமாத்ரே. ஊர்ல துளசிக் கொத்தால தடவி பயம் எடுக்குறப்ப, முழுசாச் சொல்லாதவளத் தடவுவாங்களா? பாதி சொன்னா மீதி உள்ளயே தங்கிடும்."

அது காசில்டாவும் நம்புகிற விஷயம். அதனால் வாயைத் திறந்தாள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போன ஒருநாள் பெல்ட்டில் நிற்கும்போது கண் இருண்டது, கத்தி வழுக்கி நியேவெஸின் கைமேல் போனது, அவள் போட்டிருந்த இரும்பு வளையக் கையுறைதான் விரலைக் காப்பாற்றியது, இருவருமே ஓதிலோனிடம் மூச்சு விடவில்லை. சொல்லி முடித்துத் தேம்பித் தேம்பி அழுதாள். யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டது போல இருந்தது.

"அடுத்த தடவ நான் சொல்றேன்," என்றாள் நியேவெஸ்.

அதன்பிறகு காசில்டா மாறித்தான் போனாள். வேலைக்குக் கிளம்புமுன் பீன்ஸும் ஒரு ரொட்டியும் சாப்பிட்டாள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். மயக்கம் நின்றது. க்ளினிக் டாக்டரே மெச்சினார். கொமாத்ரே மேல் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கம்பெனியில் ஆரோக்கிய வாரம் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு ஓதிலோன் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"கதை நல்லாச் சொல்ற, காசில்டா. மேல இருக்கறவங்க பாத்தாங்க."

"எந்தக் கதை?"

"கத்திய குடுத்துடு. ஏப்ரனையும். உன் நல்லதுக்குத்தான்."

"இப்ப எனக்கு மயக்கமே வர்றதில்ல. அன்னைக்கு ஏன் வந்துச்சுன்னும் அந்த வீடியோவுலயே சொல்லியிருக்கேன்ல, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனதாலதான்னு."

"நான் பாத்த வீடியோவுல அது இல்ல," என்றான் அவன். "நீ கத்தி பிடிக்கலாம்னு வேற டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், பாக்கலாம்."

"வேல போனா இன்ஷூரன்ஸும் போயிடும். அப்புறம் எந்த டாக்டர் என்னப் பாப்பாரு?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

கழிப்பறையிலிருந்து எர்மினியாவுக்குப் போன் போட்டாள். "வீடியோவ க்ளினிக்குக்குத்தான் குடுத்தேன், கொமாத்ரே. கம்பெனி அங்க பணம் போடுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது." குரல் உடைந்திருந்தது. உண்மையிலேயே உடைந்ததா, உடைத்துக்கொண்டதா என்று காசில்டாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் வேலை போனதைவிட வலித்தது.

வெளியே போக சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சுவரிலிருந்த டிவியில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. "மறைக்காதீங்க. முழுசாச் சொல்லுங்க. சொன்னாத்தான் குணமாகும்," என்று அழுதுகொண்டே சொன்னாள் அந்தக் காசில்டா. கம்பெனி நர்ஸ் கை தட்டினாள், கூடமும் தட்டியது. பெல்ட் கிளம்பும் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

நியேவெஸ் எழவில்லை. ஏப்ரன் இல்லாமல் நின்ற காசில்டாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, ஒரு புளிமிட்டாயைத் தாளோடு கன்னத்தில் அடக்கிக்கொண்டு முகமூடியை இழுத்து விட்டாள்.