ரத்தத்தில் விறகுக்கட்டு

இந்தக் காலத்தில் எவனும் செய்ததை ஒத்துக்கொள்வதில்லை. கையும் களவுமாகப் பிடித்தாலும் பழியைத் தூக்கி வேறெதன் மேலாவது போட்டுவிடுகிறான். என் மருமகன் இருசப்பன் ரத்தத்தின் மேல் போட்டான்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். என் மகள் தனத்தின் கையிலும் முதுகிலும் கன்றிப்போன நீலத் திட்டுகள். ஈறெல்லாம் ரத்தம். கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"கை வெச்சியாடா?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"சத்தியமா இல்ல மாமா. ரத்தம் கெட்டிருக்கு போல. தானா வருது."

குடிக்கிறவன் சத்தியத்தை எவன் நம்புவான்? போலீசுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டுமே என்றுதான் அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு அவளை வண்டி கட்டிக் கொண்டுபோனேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, பூதக்கண்ணாடிக் குழாய்க்கு அடியில் வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"அடி இல்லீங்க பெரியவரே. ரத்தப் புற்றுநோய். அதுலயும் அபூர்வமான வகை. ரத்தம் உறையாது. மூளைல கசிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. இப்பவே வேலூருக்குக் கொண்டு போங்க."

"அவன்கிட்ட எவ்ளோ வாங்கினீங்க?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. என்னையே அந்தக் குழாயில் கண் வைக்கச் சொன்னாள். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக இருந்தன. ஒன்றின் வயிற்றுக்குள் குச்சிகள், சேர்த்துக் கட்டினாற்போல.

"விறகுக்கட்டு" என்றேன். நான் விறகு விற்கிறவன்.

"அதேதாங்க. அந்தக் கட்டு இருந்தா இந்த நோவுதான்."

சுடுகாட்டுக்கும் நான்தான் விறகு போடுகிறேன்.

வெளியே பெஞ்சில் தனம் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. மாற்றி வைத்த பஞ்சும் சிவந்திருந்தது.

"வலிக்கலப்பா" என்றாள்.

இருசப்பனை ஓரமாக இழுத்தேன். "அடிச்சேன்னு சொல்லுடா. போலீசும் வேணாம், ஒண்ணும் வேணாம். அடிச்சேன்னு மட்டும் சொல்லிடு."

"அடிச்சிருந்தா ஆறிடுமே மாமா" என்று அழுதான்.

பார்த்தீர்களா, அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கையைத் தட்டிவிட்டு, தனத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்கு நடந்தேன். குச்சியாம், கட்டாம். எவன் நம்புவான்? அவள் எதிலும் இடித்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் பார்த்துப் பார்த்து நடந்தேன்.