ஒரு போலேயும் ஒரு சாரியும்

1.

இந்தக் கதைக்கு மூலகாரணம் என் வாய். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

அருஷாவில் போர்க்குற்ற மன்றம் ஒன்று. (எந்தப் போர் என்று கேட்காதீர்கள், கதைக்காக நானே மூட்டியது.) கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சாட்சிகள் சுவாஹிலியில் சொல்வதை வெளிநாட்டு நீதிபதிகளின் காதுக்கு ஆங்கிலத்தில் ஓதுவது என் வேலை.

2.

‘கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் பிறந்த ஐகாண்டே லிமோ, நீதித் தாகத்தோடு…’

வேண்டாம். ஐகாண்டே படித்தால் செருப்பு பறந்து வரும். தாகமாவது! குற்றம்சாட்டும் தரப்பில் பதினோரு வருஷம் கோப்புக்கு எண் போட்டவள். வெளிநாட்டு வக்கீல்கள் முழங்குவார்கள், இவள் பின்வரிசையிலிருந்து துண்டுச்சீட்டு நீட்டுவாள். இந்த வழக்கில்தான் முதன்முதலாக முன்வரிசை. ஜெயித்தால் தலைமை வழக்கறிஞர் என்று பேச்சு.

3.

சாட்சி, மகனைப் பறிகொடுத்த மாமா* ஜெனரோசா. எதிரே, அந்தக் கொலைக்குக் குற்றம்சாட்டப்பட்ட தளபதி.

“அன்னிக்குச் சாயங்காலம் அந்தத் தளபதி என் வாசலுக்கு வந்தான். ‘போலே’ன்னான்.”

நான் “சாரி” என்றேன். மூன்று நீதிபதிகளும் ஒரே சமயத்தில் குனிந்து எழுதினார்கள். மன்னிப்புக் கேட்டானாம், அப்படியென்றால் கொன்றதை ஒப்புக்கொண்டானாம். ஐகாண்டே காதுக்கருவி போட்டிருக்கவில்லை, சுவாஹிலி தாய்மொழிபோல வரும் அவளுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

பகல் இடைவேளை. அவளுடைய மேலதிகாரி, வெளிநாட்டுக்காரர், சாப்பாட்டுக்கூடப் படியில் தடுக்கினார். சிப்ஸும் முட்டையுமாக உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் “போலே!” என்று கத்தினோம். நான் வழக்கம்போல “சாரி” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“நீ ஏம்ப்பா மன்னிப்புக் கேக்கறே? நீயா தள்ளிவிட்டே?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஐகாண்டே கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“டேய், காலைல ‘போலே’க்கு என்னடா சொன்னே?”

“சாரி.”

“நம்ம ஊரு சாரியா, அவங்க ஊரு சாரியா?”

எங்கள் ஊர் ஆங்கிலத்தில் சாரி என்றாலும் போலேதான், அவர்கள் ஊரில் அது மன்னிப்பு. போலே, மன்னிப்பு போலே இருக்கும், மன்னிப்பு இல்லை. காய்ச்சலுக்கும் சொல்வோம், சாவுக்கும் சொல்வோம், மூட்டை தூக்குகிறவருக்கும் சொல்வோம்.

“விட்டுடுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சே, பாவி!”

* அங்கே மாமா என்றால் அம்மா. முறை போட்டுக் குழம்பாதீர்கள்.

4.

முடிவு அ: அவள் வாயைத் திறக்கவில்லை. பெரிய அறை, பெரிய நாற்காலி, அதில்… (சீ, எழுதக் கை வரவில்லை.)

முடிவு ஆ: எதிர்த்தரப்பு வக்கீலே கண்டுபிடித்து… (அந்த மனுஷருக்கு சுவாஹிலியில் டீ கேட்கத் தெரியாது.)

முடிவு இ: மத்தியானம் எழுந்தாள். “கனம் நீதிபதிகளே, என் தரப்புக்குச் சாதகமா ஒரு தப்பு நடந்திருக்கு. அது மன்னிப்பு இல்லை, ஆறுதல் வார்த்தை.” மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

நீதிபதி சாட்சியையே கேட்டார்.

“மன்னிப்பா? அவனா?” என்றார் மாமா ஜெனரோசா. “துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் சொன்னான். எதுக்குடா எனக்கு போலே சொல்றான்னு முழிச்சேன். எம்புள்ள செத்தது மறுநாள்தானே எனக்கே தெரியும்.”

மூன்று பேரும் மறுபடி குனிந்து எழுதினார்கள்.

5.

இதை நான்தான் ஒட்டவைத்தேன் என்பீர்கள். இருக்கட்டும். தீர்ப்பையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், பதவியையும் நீங்களே கொடுங்கள்.

எனக்கு வேறு கவலை. அன்று மன்றம் கலைந்ததும் ஐகாண்டே என் கூண்டுக் கதவைத் திறந்தாள். நான் எழுந்து நின்று “போலே, அக்கா” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை மொழிபெயர்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.