மேஜர் நனைத்த மெத்தை

சிவனாண்டி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க மேஜர்களுக்கு சல்யூட் அடித்த கை அது. சோழபுரத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கி, மேஜர் என்று பெயர் வைத்தார். "மேஜர், உக்காரு" என்பார். மேஜர் உட்காரும். அதில் அவருக்குக் கிடைத்த நிம்மதியைப் பென்ஷன்கூடக் கொடுத்ததில்லை.

அந்த மேஜர் மீதுதான் அவர் மகள் மாரிச்செல்வி பழியைப் போட்டாள்.

யோசித்துச் செய்த காரியமல்ல. விடிந்தும் விடியாத நேரம். ஏழு வயதுத் தம்பி முத்துப்பாண்டி, நனைந்த டவுசரோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். மெத்தையில் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஈரம். வாசலில் அப்பாவின் ஷூ சத்தம். மாரிச்செல்வி அவசரமாகத் தம்பியைப் போர்வையில் சுற்றித் தன் பின்னால் தள்ளினாள். உள்ளே வந்தவர் மெத்தையைப் பார்த்தார்.

"யாரு வேல இது?"

மூலையில் மேஜர் கொட்டாவி விட்டது.

"மேஜருப்பா" என்றது அவள் வாய்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அத்தை மகன் இசக்கிமுத்து சின்ன வயதில் ஒரு லீவுக்கு இங்கே வந்து தங்கியவன், ஒரு ராத்திரி பாயை நனைத்துவிட்டான். அப்போது விடுமுறையில் வந்திருந்த அப்பா, நனைந்த பாயைச் சுருட்டி அவன் தோளில் துப்பாக்கி மாதிரி சாத்தி, கம்மாய்க்கரைத் தெரு முழுக்க லெஃப்ட் ரைட் போட வைத்தார். ஊரே திரண்டு பார்த்தது. அன்றைக்கு யாரோ "கம்மா நெறஞ்சிருச்சு டோய்" என்று கத்த, இசக்கிமுத்துவுக்கு அதுவே பெயரானது. இப்போது அவனுக்கு மீசை இருக்கிறது, சொந்தமாக லோடு ஆட்டோ இருக்கிறது. பெயர் மட்டும் இன்னும் கம்மாதான். பெண் கேட்டுப் போன இடத்தில்கூட "எந்த இசக்கி? கம்மா இசக்கியா?" என்றுதான் விசாரித்தார்கள்.

அதனால் அப்பா பெல்ட்டைக் கழற்றப் போகிறார் என்றே மாரிச்செல்வி நினைத்தாள். அவரோ குத்தவைத்து உட்கார்ந்து, மேஜரின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

"என்னடா ராசா, ஒடம்புக்குச் சொகமில்லையா?"

அப்படி ஒரு குரல் அப்பாவிடம் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று முழுக்க செல்போனில் வீடியோ பார்த்தார். சாயங்காலம் டீக்கடையில் வகுப்பே எடுத்தார். "அவன் வேணும்னா செய்யுதான்? தூக்கத்துல அவனுக்கே தெரியாது. அதட்டுனா பயந்துக்கிட்டு இன்னும் ஜாஸ்தியாயிரும். சில மடப்பயலுக அடிக்கானுவ. பாவம்லா அது?"

மடப்பயல்கள் பட்டியலில் தன் பெயர் எத்தனையாவது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அம்மா அழகுத்தாய் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவள். நாய் மூத்திரத்துக்கும் பிள்ளை மூத்திரத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாதா? வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கம்பெனியில் கழித்துப்போட்ட துணி ஒரு கட்டு கூடுதலாக வீட்டுக்கு வந்தது. அதை மடித்து மடித்துத் தம்பியின் விரிப்புக்கு அடியில் வைத்தாள் மாரிச்செல்வி. ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுப்போடுகிற துணி, அவள் வீட்டில் இந்தக் காயத்துக்குப் பயன்பட்டது.

சிக்கல் வேறு வழியில் வந்தது. "டாக்டர்ட்ட காட்டுத வரைக்கும் வெளிய கட்டுவோம்" என்று அப்பா மேஜரை வாசல் கம்பியில் கட்டினார். நாய் வெளியே. ஈரம் உள்ளே. இனி அப்பா எழுவதற்கு முன்னால் எழுந்து, பூனைபோல நடந்து, சங்கிலியைக் கழற்றி மேஜரை உள்ளே இழுத்து வருவது அவள் வேலையானது. பப்ளிக் பரீட்சைக்குக்கூட அவள் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை. காலையில் அப்பா, மெத்தையின் மேல் படுத்திருக்கும் மேஜரைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

"ஏ அழகுத்தாயி, இங்க வந்து பாரு! சங்கிலிய அவனே கழட்டிட்டு உள்ள வந்து மோண்டுருக்கான். எம்புட்டு புத்தி!"

"ஒங்க வளப்புல்லா" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மேஜரை ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். வண்டி இசக்கிமுத்துவுடையது. மாரிச்செல்வி ஏறினால்தான் மேஜர் ஏறும் என்பதால் அவளும் போனாள்.

டாக்டர் ஹெப்சிபா மேஜரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். "எப்பருந்து இப்படி?"

"ஏட்டி, நீ சொல்லு. ஒம் பக்கத்துலதான படுக்கான்" என்றார் அப்பா.

மாரிச்செல்வி மேஜரின் காதைத் தடவினாள். தெரிந்ததைத்தான் சொல்ல வந்தது. "சின்னதுலருந்தே டாக்டர். பொறவு நின்னுபோச்சு. புதுப் பள்ளிக்கூடத்துல சேத்ததுலருந்து மறுபடியும்..."

டாக்டர் மேஜரின் மேலிருந்து கையை எடுத்தார்.

"யாரை, பள்ளிக்கூடத்துல?" என்றார் டாக்டர்.

"என்னையத்தான். நான் போயிட்டா இது ஏங்கிரும்."

"ஆமா டாக்டர், ரொம்பப் பாசம்" என்றார் அப்பா பெருமையாக.

டாக்டர் மேஜரைப் பார்த்தார், மாரிச்செல்வியைப் பார்த்தார். பிறகு மிகவும் சீரியஸான முகத்தோடு, "ராத்திரில டீ, கலர் சோடா எல்லாம் குடுக்கீங்களா?" என்றார்.

"நாய் கலர் குடிக்குமா டாக்டர்?"

"குடிச்சா குடுக்காதீங்க. பகல்ல தண்ணி நல்லாக் குடுங்க, படுக்கப்போற நேரத்துல மட்டும் கொறைங்க. வெளிக்கி ஒழுங்காப் போகுதா பாருங்க. வயிறு கட்டியிருந்தாலும் இது வரும். வாழைப்பழம் குடுங்க. படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போங்க. நனைச்சிட்டாலும் திட்டக்கூடாது, நாலு பேரு முன்னாடி அவமானப்படுத்தக்கூடாது."

"நாய்க்கு அவமானம் இருக்கா?"

"உங்க வீட்டு நாய்க்கு இருக்கு."

அப்பா மேஜரை வண்டிக்கு நடத்திப் போன சமயம், டாக்டர் மாரிச்செல்வியின் கையைப் பிடித்தார். "தைரியமா இரு. கொஞ்ச நாள் பாரு. குறையலைன்னா குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டணும். நாயை இல்ல."

திரும்புகிற வழியில் அப்பா டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் இசக்கிமுத்துவுக்கு ஒப்பித்தார். அவமானப்படுத்தக்கூடாது என்ற இடத்தில் அவன் கியரை மாற்றினான்.

"எனக்கும் அப்ப ஒரு வாலு இருந்திருக்கலாம் மாமா."

"ரோட்டப் பாத்து ஓட்டுலே, கம்மா."

வைத்தியம் பட்டாள ஒழுங்கோடு தொடங்கியது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா மேஜரை வேப்பமரத்துக்கு நடத்திப் போவார். அதே நேரம் மாரிச்செல்வி தம்பியைப் பாத்ரூமுக்கு நடத்திப் போவாள். மேஜர் மோந்து பார்த்து ஒதுக்கிய வாழைப்பழங்களை முத்துப்பாண்டி தின்றான். காலையில் மெத்தை காய்ந்திருந்தால் அப்பா, "சபாஷ் மேஜர்!" என்று கத்துவார். போர்வைக்குள்ளிருந்து தம்பி மெதுவாகச் சிரிப்பான். வாலாட்டியது மேஜர்.

நாட்கள் காய்ந்தன. அப்பா டீக்கடையில் தன்னைப் பாதி டாக்டர் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

பிறகு ஒரு கல்யாண வீடு. யாரும் பார்க்காத நேரத்தில் முத்துப்பாண்டி இரண்டு பாட்டில் கலர் குடித்துவிட்டான். காலையில் மெத்தை தொப்பல்.

அப்பா இந்தத் தடவை குத்தவைக்கவில்லை. நின்றபடியே ஈரத்தைப் பார்த்தார். "இம்புட்டு வைத்தியம் பண்ணியும் கேக்கல. ரத்தத்துலயே கோளாறு. இனி இவனை வீட்டுக்குள்ள வச்சிருக்க முடியாது" என்றார். சேத்தூரில் இசக்கிமுத்து தேங்காய் லோடு ஏற்றுகிற தென்னந்தோப்புக்குக் காவல் நாய் வேண்டுமாம். போன் போட்டார்.

மறுநாள் காலை லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அப்பா சங்கிலியைக் கையில் சுற்றினார். மேஜர் ஊர்சுற்றப் போகிற குஷியில் குதித்தது. மாரிச்செல்வி அப்பாவின் பின்னாலேயே வந்தாள். வாயைத் திறந்தால் தம்பிக்கும் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். திறக்காவிட்டால் மேஜர் போய்விடும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இப்படி நடுவில் மாட்டிக்கொண்டோமே என்றிருந்தது.

நிலைப்படியில் முத்துப்பாண்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"தள்ளுலே."

"மேஜர் இல்லப்பா. நாந்தான்."

"என்னது?"

"நாந்தான் மோண்டேன். எல்லாத் தடவையும்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கம்மாய்க்கரைத் தெருவில் கேட்ட அதே குரல் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பியது. "அட்டென்..."

முழுசாக வரவில்லை. அதற்குள் மேஜர் பட்டென்று உட்கார்ந்துவிட்டது. முத்துப்பாண்டி காலைச் சேர்த்து, கையை ஒட்டி, விறைத்து நின்றான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கக் கை நகரவில்லை.

"அதட்டுனா ஜாஸ்தியாயிரும்னு நீங்கதானப்பா சொன்னிய" என்றாள் மாரிச்செல்வி. சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "தூக்கத்துல அவனுக்கே தெரியாதுன்னு... டீக்கடையிலகூட..."

அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

வெளியே ஹாரன். "மாமா, ஏத்திரலாமா?"

அப்பா மகனைப் பார்த்தார். கொடியில் தொங்கிய விரிப்பைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மீசைக்காரனைப் பார்த்தார். சங்கிலியை அவிழ்த்துவிட்டு வெளியே போனார்.

"நாய் வரல."

"ஏன் மாமா? மறுபடி மோண்டுட்டான்னு நீங்கதான போன் போட்டிய?"

"மோண்டுட்டுப் போறான். அவன் வீடு, அவன் மெத்தை. ஒனக்கென்னலே?"

இசக்கிமுத்து எட்டி உள்ளே பார்த்தான். அட்டென்ஷனில் நின்ற பையனைப் பார்த்ததும் அவன் விரல் தாளம் நின்றது.

"எறங்கி வந்து காப்பி குடிச்சிட்டுப் போ, இசக்கிமுத்து" என்றார் அப்பா.

முழுப் பெயர். அவர் வாயிலிருந்து அது வந்து எத்தனை வருஷமோ. அவன் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். உள்ளே வரும்போது முத்துப்பாண்டியின் தலையில் கை வைத்து, "ஸ்டாண்ட் அட் ஈஸ்லே மாப்ள" என்றான்.

இது நடந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வெயில் வருவதற்கு முன்னால் மாரிச்செல்வி விழித்தாள். பழக்க தோஷத்தில் சங்கிலி ஞாபகம் வந்து எழப்போனாள். பக்கத்தில் தம்பி காய்ந்த விரிப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். நேற்று ராத்திரி அவள் விரித்தது அல்ல, வேறு.

கொல்லையில் யாரோ துணி அலசினார்கள். பக்கத்து வீட்டு மதிலிலிருந்து நாச்சியார் மதினியின் குரல் கேட்டது.

"என்னண்ணே, நீங்க தொவைக்கிய? மறுபடியும் நாயா?"

"ஆமா, மேஜர்தான்" என்றார் அப்பா. "டாக்டரம்மா மெல்ல மெல்லத்தான் சரியாவும்னுருக்கா. இதையப் போயி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதிய. அவனுக்கு அவமானமாப் போயிரும்."

பிறகு பிஸ்கட் பாக்கெட் பிரிகிற சத்தம். பழி சுமப்பதற்கு அப்பா கொடுக்கிற கூலி.

மாரிச்செல்வி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி தூங்கினாள். கொல்லையில் மேஜர் எதையும் மறுக்காமல் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.