பொன்னையாவின் இலை

1958ஆம் ஆண்டு ஜூலை மாதம், காஜா பேராங்கில், செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியில் இறந்தவருக்குப் படைத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட கருணாகரனுக்கு, எழுந்து வெளியே வந்தபோது வெயிலில் நிழல் விழவில்லை. அந்த ஆண்டு மலாக்காவில் ஏழு வாரம் மழையே இல்லை. வெயில் தாராளமாக இருந்ததால், கண் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க யாருக்கும் வழியில்லை.

அவன் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். பட்டணத்துக்கு அதற்கு முன் வந்தது கிடையாது. ஆகஸ்டு கடைசிக்குள் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்காதவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றிவிடுவார்கள் என்று தோட்டத்தில் பேச்சு. அவன் மனைவி சீதாவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் இந்த மண்ணைத் தவிர வேறு மண் தெரியாது. காகிதம் வாங்காமல் திரும்புவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். தப்பான இடத்தில் இறங்கி, பட்டினியோடு அலைந்து கம்போங் செட்டிக்கு வந்து சேர்ந்தான். கோயிலைக் கண்டதும், நம்மவர்கள்தான் என்று பாதி உயிர் வந்தது. அன்று அங்கே பார்ச்சு. பழங்கள் பழுக்கும் காலத்தில், தலைமுறைகளாக மலாய் பேசும் இந்தச் செட்டிகள் முன்னோருக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். செத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா. குடும்பம் முன்வாசலில் நின்றது, கருணாகரன் பின்வாசலில் நுழைந்தான். வரிசையாக ஐந்து இலை, ஓர் ஆளையும் காணோம். தோட்டத்தில் இலை போட்ட வீட்டுக்குள் வந்தவன் உட்கார வேண்டும், உபசரிப்புக்குக் காத்திருந்தால் திமிர் என்பார்கள். கடைசி இலையில் உட்கார்ந்துவிட்டான்.

அது பொன்னையாவின் இலை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டு, திரும்பாமல் போனவன். அவன் அக்கா மீனாச்சி கதவைத் திறந்து, காலியான இலையைப் பார்த்து, தம்பிதான் வந்துவிட்டான் என்று ஒரு நொடி நம்பினாள். அந்த ஒரு நொடிக்காக அவள் கருணாகரனை வெகுநாள் மன்னிக்கவில்லை.

பட்டணத்தின் பண்டார் ஹிலிர் பகுதியில் குடியுரிமை மனுவுக்குப் படம் எடுத்தபோது, அவன் உட்கார்ந்திருந்த முக்காலி மட்டும் படத்தில் விழுந்தது. படம் பிடித்த சீனர் நல்ல மனிதர், மூன்று தடவை எடுத்தார். மூன்றிலும் முக்காலிதான், அதுவும் தெளிவாக. படமில்லாத மனுவை வாங்க முடியாது என்றார் குமாஸ்தா. எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கருணாகரன் தினமும் போனான், தினமும் அதே பதில். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் படுத்தான். உச்சி வெயிலில் மட்டுமே நடந்தான், அந்நேரம் யாருடைய நிழலும் பெரிதாக இருக்காது. ஐந்தாம் வாரம் தோட்டத்தில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். சீதா வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள் என்று சேதி வந்த அன்று, அவன் கோயில் குளியலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தான் உண்டது யாருடைய இலை என்று கோயிலில் கேட்டறிந்து, மீனாச்சி வீட்டு வாசலில் போய் விழுந்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது. கோயில் காரியங்களால் கொஞ்சம் தமிழ் அறிந்த அவள் கணவர் சின்னப்பா மலாயில் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"அக்கா, நானும் சயாமுக்குப் போனவன்தான். அங்க செத்தவன் எவனும் டுரியான் பழம் கேக்கல, பலகாரம் கேக்கல. சுடு சோறு, ஒரு கல்லு உப்பு. அதத்தான் கேட்டுக்கிட்டே செத்தானுங்க. இத்தன வருசமா நீங்க வச்சத உங்க தம்பி தொட்டிருக்கவே மாட்டாரு. ஒரே ஒரு தடவ சோறு போட்டுப் பாருங்கக்கா. அவரு பசி தீந்தாத்தான் எம் நெழலு திரும்பும். இல்லன்னா எம்புள்ளைங்க கப்பலேறிப் போயிரும்!"

 பதின்மூன்று ஆண்டுகள் தம்பியைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்பது மீனாச்சியின் தலையில் மெல்ல இறங்கியது. காலமல்லாத காலத்தில் பார்ச்சு கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அவள் காதில் வாங்காமல் உலை வைத்தாள். ஒரே இலை, சுடு சோறு, உப்பு. கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது இலை கழுவி வைத்ததுபோல் இருந்தது. முற்றத்து வெயிலில் கருணாகரனின் காலடியில் இரண்டு நிழல்கள் கிடந்தன. ஒன்று அவனுடையது. இன்னொன்றில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

படம் நன்றாக விழுந்தது. முக்காலியின் பின்னால் சுவரில் இரண்டு நிழல்களும் தெரிந்தன. இரண்டு நிழல் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லாததால் குமாஸ்தா முத்திரை குத்தினார்.

மீனாச்சி பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள். கருணாகரனின் முகத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்து நடந்தாள். தம்பி தன்னோடு தங்காமல் சோறு சொன்னவனோடு போகிறான் என்பது அவளுக்கு வலித்தது. "மாக்கான் கென்யாங், டிக்" என்றாள் நிழலிடம். வயிறு நிறையச் சாப்பிடு தம்பி என்று அர்த்தம்.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சீதா புருசனையும் பார்த்தாள், மண்ணில் விழுந்திருந்த இரண்டையும் பார்த்தாள். காகிதம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டாள். பிறகு கட்டிய மூட்டையை அவிழ்த்து இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். சோறு போதவில்லை, மறுபடி உலை வைத்தாள்.