தனோஜன் வராத நாள்

"நாளைக்கு மட்டும் தனோஜனை வீட்டிலை விடும்," என்றாள் நேசறிப் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவி சிவகௌரி.

"ஏனக்கா?" என்றாள் உதயகலா.

"தரம் போட ஒபீசர் வாறா. உம்மடை பிள்ளை நாலு வயசாகியும் ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. அவ கேக்க இவன் முழிச்சுக்கொண்டு நிண்டா?"

"நாளைக்குச் சாப்பாடு என்ரை முறையெல்லோ?"

"அதுக்கென்ன, கௌப்பிப் பயறை அவிச்சுக் கொண்டு வாரும். பிள்ளையைத்தான் வேண்டாமெண்டுறன்."

உதயகலா தர்சினி ரீச்சரைப் பார்த்தாள்.

"தரம் குறைஞ்சா நேசறியைப் பூட்டச் சொல்லுவினம், உதயா. ஒரு நாள்தானே," என்றாள் ரீச்சர்.

காலையில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற தனோஜனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவள் கௌப்பிச் சட்டியோடு வந்தாள்.

பிள்ளைகள் பாடினார்கள், நிறங்களின் பெயர் சொன்னார்கள். ஒபீசருக்குச் சந்தோசம்.

"கதைக்கப் பிந்தின பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை மிஸ்," என்றாள் தர்சினி.

"இதுகளின்ரை வாயை மூடுறதுதான் எங்களுக்குப் பெரும்பாடு!" என்றாள் சிவகௌரி. வந்திருந்த தாய்மார் எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப நல்லது. பேச்சுப் பயிற்சி குடுக்கிற மிஸ் ஒராளை இந்த வருசம் ஒரு பள்ளிக்குத்தான் விடலாம். உங்களுக்குத் தேவையில்லையெண்டா இணுவில் நேசறிக்குக் குடுக்கிறன்."

உதயகலாவின் கையில் கௌப்பி அள்ளிய அகப்பை அப்படியே நின்றது.

"மிஸ், என்ரை பிள்ளை கதைக்கிறேல்லை."

ஒபீசர் திரும்பினாள். "உங்கடை பிள்ளை இங்கைதான் படிக்கிறாரோ?"

"இல்லை மிஸ், இவ சமைச்சுத் தர வந்தவ," என்றாள் சிவகௌரி முந்திக்கொண்டு.

"தர்சினி ரீச்சர், நீங்கள் சொல்லுங்கோவன்!" என்றாள் உதயகலா.

ரீச்சர் ஒரு பிள்ளையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இவவின்ரை பிள்ளை இங்கை படிக்கேல்லை, மிஸ்."

"அப்ப, படிக்கிற பள்ளியிலை சொல்லுங்கோ அம்மா. அவையள் கேட்டாத்தான் நாங்கள் ஏதும் செய்யலாம்," என்றாள் ஒபீசர் பரிவோடு. போகும்போது கௌப்பி நல்ல பதம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

உதயகலா சட்டியைத் தூக்கினாள். தர்சினி கேற்றடிவரை பின்னால் வந்தாள்.

"உதயா, கோவிக்காதேங்கோ. அவ இனி எண்டைக்கெண்டாலும் திரும்ப வரலாம். பிள்ளை இங்கை இருந்தா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அப்ப நாளைக்கும் வேண்டாமோ?"

தர்சினி கேற்றைச் சாத்தினாள்.

பக்கத்து வீட்டுப் படியில் தனோஜன் இன்னும் சப்பாத்தோடுதான் இருந்தான். தாயைக் கண்டதும் எழும்பி, நேசறிப் பக்கம் கையை நீட்டினான்.

"சப்பாத்தைக் கழட்டப்பன்," என்றாள் உதயகலா.

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.